மூன்று பெட்டிகள், 43 கேசட்டுகள்: வீட்டில் வீடியோ சர்வர் அமைத்த அனுபவம்

அப்பா எடுத்துவைத்துவிட்டுப் போன வீடியோக்கள் 43 சிறிய டிஜிட்டல் கேசட்டுகளில் இருந்தன. அவர் மறைந்த பிறகு அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினேன். அந்த வகைக் கேசட்டை வேகமாக நகலெடுக்க முடியாது. ஒரு மணி நேரக் கேசட் என்றால் ஒரு மணி நேரம் ஓடியே தீர வேண்டும். பழைய கேமராவை ஃபயர்வயர் கேபிளால் பழைய கணினி ஒன்றோடு இணைத்து, மாலை வேளைகளில் உட்கார்ந்து முடிக்க இரண்டு மாதங்கள் ஆயின. கேசட் ஒன்றுக்கு ஏறத்தாழ 13 ஜிபி. எல்லாம் சேர்ந்து 560 ஜிபி அளவுக்கு வந்தது.

இவற்றை அம்மா தன் அறைத் தொலைக்காட்சியில், யாரையும் கேட்காமல், நினைத்த நேரத்தில் பார்க்க வேண்டும். வீடியோக்களை ஓரிடத்தில் வைத்து வீட்டுத் திரைகளுக்கு அனுப்பும் கணினி, அதாவது சர்வர் ஒன்றை வீட்டில் வைக்கும் எண்ணம் அங்கிருந்துதான் தொடங்கியது. கைப்பேசிகளில் குவிந்து கிடக்கும் வீடியோக்கள், வாங்கி வைத்திருந்த ப்ளூ-ரே படங்கள் எல்லாம் பிறகு சேர்ந்துகொண்டன.

முதலில் வாங்கியது இரண்டு ஹார்ட் டிஸ்க் செருகும் ஆயத்தப் பெட்டி. கையடக்கமாக, சத்தமில்லாமல் இருந்தது. உள்ளே கைப்பேசிகளில் இருப்பதைப் போன்ற ஏஆர்எம் வகை பிராசசர். சேமித்த வீடியோக்களைத் தொலைக்காட்சிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருளை நிறுவி, கேசட் கோப்புகளை எல்லாம் ஏற்றி, அம்மாவை அழைத்து உட்கார வைத்தேன். அப்பா ஒரு கையில் கேமராவைப் பிடித்தபடி தங்கைக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் காட்சி. படத்தில் அவர் இல்லை, குரல் மட்டும்தான். "கீழே பார்க்காதே அம்மா, நேரே பார்" என்கிறார். "நேரே" என்ற இடத்தில் படம் நின்றுவிட்டது. வட்டம் சுற்றியது. பிறகு நான்கு விநாடி ஓடியது, ஆறு விநாடி நின்றது, மறுபடி நான்கு விநாடி.

"வேண்டாம்ப்பா, நிறுத்திவிடு. அவர் பேச்சைத் துண்டு துண்டாகக் கேட்க முடியவில்லை" என்றார் அம்மா.

அன்றிரவு என் மனத்தில் பட்டது ஒன்றுதான்: பெட்டிக்குப் பலம் போதவில்லை, பெரிதாக ஒன்று வாங்க வேண்டும். அந்த முடிவு தவறு என்று புரிய ஓராண்டு ஆனது. வீட்டு சர்வருக்கு என்ன வாங்கலாம் என்று யார் என்னிடம் கேட்டாலும், உங்கள் கோப்புகள் எந்த வடிவத்தில் இருக்கின்றன, அவற்றைக் காட்டப்போகும் திரைகளுக்கு எந்த வடிவம் தெரியும் என்று நான் முதலில் கேட்பது அந்த ஓராண்டின் விளைவுதான்.

காரணம் இது. வீடியோ கோப்பு என்பது ஒரே பொருள் அல்ல. படம் ஒரு முறையிலும் ஒலி இன்னொரு முறையிலும் சுருக்கப்பட்டிருக்கும். துணைத்தலைப்பு தனியாக இருக்கும். மூன்றையும் சேர்த்துக் கட்டிய உறைதான் நம் கண்ணுக்குத் தெரியும் கோப்பு. தொலைக்காட்சிக்கு இவை எல்லாம் புரிந்தால் சர்வருக்கு வேலையே இல்லை. கோப்பை அப்படியே அனுப்பிவிடும், எந்தப் பழைய கணினியும் அதைச் செய்யும். ஒன்று புரியாவிட்டாலும் சர்வர் அதைப் பிரித்து, தொலைக்காட்சிக்குப் புரியும் வடிவத்தில் ஓட ஓட மாற்றித் தர வேண்டும். டிரான்ஸ்கோடிங் என்பது இதுதான். ஒலியை மட்டும் மாற்றுவது சிறு வேலை. படத்தை மாற்றுவதுதான் மலை.

அப்பாவின் கேசட்டுகளில் இருந்த டிஜிட்டல் வீடியோ வடிவம் எங்கள் தொலைக்காட்சிக்குத் தெரியாது. அதோடு, அந்தக் காலக் கேமரா ஒவ்வொரு பிரேமையும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதிகளாகப் பதிவு செய்யும். இன்றைய திரையில் அதை அப்படியே காட்டினால் அசையும் உருவங்களின் ஓரம் சீப்புப் பல்லைப் போலத் தெரியும். ஆகவே பாதிகளை இணைக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. என் முதல் பெட்டியில் வீடியோவை மாற்றுவதற்கென்று தனிச் சுற்று எதுவும் இல்லை. முழுச் சுமையும் அந்தச் சிறிய பிராசசரின் தலையில் விழுந்தது.

அதற்குப் புதிய பெட்டியே தேவைப்பட்டிருக்காது. அலுவலக வேலைக்கு வைத்திருக்கும் கணினியில் 43 கோப்புகளையும் ஒரே முறை, பெரும்பாலான திரைகளுக்குத் தெரிந்த எச்.264 வடிவத்துக்கு மாற்றி, பாதிகளை இணைத்து விநாடிக்கு 50 பிரேம்களாக ஆக்கியிருந்தால் போதும். பின்னாளில் அதைத்தான் செய்தேன். இரவில் ஓடவிட்டால் காலையில் பல கேசட்டுகள் தயாராக இருந்தன. மூலக் கோப்புகளை அழிக்கவில்லை, அவை தனி இடத்தில் இருக்கின்றன. மாற்றிய கோப்புகள் அந்த முதல் பெட்டியிலேயே தடங்கலின்றி ஓடின.

ஆனால் அதற்குள் இரண்டாவது பெட்டி வந்துவிட்டது. எட்டு கோர் (கணக்குப் போடும் தனி அலகு) கொண்ட பிராசசர், நிறைய ரேம், பெரிய கேபினட். பிராசசரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தது. அந்த எழுத்தின் பொருளை அப்போது நான் விசாரிக்கவில்லை. இன்டெல் பிராசசரில் எஃப் என்றால் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது என்று பொருள். வீட்டில் கிடந்த பழைய கிராஃபிக்ஸ் அட்டை ஒன்றைச் செருகிக்கொண்டேன்.

கேசட் வீடியோக்கள் இதில் நன்றாகவே ஓடின. சிக்கல் முதல் 4கே படத்தில் வந்தது. எச்.265 என்ற புதிய சுருக்க வடிவம், 10 பிட் நிற நுணுக்கம், எச்டிஆர் என்ற கூடுதல் ஒளி, நிற வீச்சு. தொலைக்காட்சிக்கு இவை எல்லாமே தெரியும். என் மகள் துணைத்தலைப்பை இயக்கினாள், உடனே படம் நின்றுவிட்டது. ப்ளூ-ரே தட்டுகளில் துணைத்தலைப்பு எழுத்தாக இருக்காது, படமாக இருக்கும். எங்கள் தொலைக்காட்சியில் இருந்த செயலிக்கு அந்தப் படத் துணைத்தலைப்பைக் காட்டத் தெரியவில்லை. ஆகவே சர்வர் 4கே படம் முழுவதையும் பிரித்து, ஒவ்வொரு பிரேமின் மேலும் அந்த எழுத்துகளைப் பதித்து, எச்டிஆர் நிறங்களைச் சாதாரண நிறங்களாக்கி, மறுபடி சுருக்கி அனுப்ப முயன்றது. பழைய கிராஃபிக்ஸ் அட்டைக்கு 10 பிட் எச்.265 தெரியாது. எட்டு கோரும் நூறு சதவீதத்தில் ஓடின, விசிறிகள் இரைந்தன. ஒரு வரித் துணைத்தலைப்புக்காக இத்தனை பாடு.

வீடியோ மாற்றுவதற்கு கோர்களின் எண்ணிக்கையை நம்பக் கூடாது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். பிராசசருக்குள் அதற்கென்றே செதுக்கிய சிறு பகுதி இருக்கிறதா, அதற்கு எந்தெந்த வடிவங்கள் தெரியும் என்பவைதான் கேள்விகள். இன்டெல் இதை க்விக் சிங்க் என்ற பெயரில் 2011-இல் கொண்டுவந்தது. ஏழாம் தலைமுறையிலிருந்து 10 பிட் எச்.265-ஐப் பிரிக்கத் தெரியும். பதினோராம் தலைமுறையிலிருந்து ஏவி1 என்ற இன்னும் புதிய வடிவத்தையும் பிரிக்கும். 2023-இல் வந்த என்100 என்ற சிறிய பிராசசருக்கு நான்கே கோர், மதிப்பீட்டு மின்சக்தி 6 வாட். எட்டு கோர் திணறிய அந்த வேலையை அது இந்தத் தனிப் பகுதியைக் கொண்டு அமைதியாகச் செய்கிறது. ஏஎம்டி பிராசசர்களிலும் இந்த வசதி உண்டு. எனினும் வீட்டு சர்வருக்கென்றால் நான் இன்டெல் பக்கமே சாய்வேன், அமைப்பதில் தலைவலி குறைவு என்பது என் அனுபவம். ராஸ்பெரி பை என்ற சிறிய ஒற்றைப் பலகைக் கணினியை வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நான்காம் பதிப்பில் இருந்த எச்.264 சுருக்கும் சுற்று ஐந்தாம் பதிப்பில் இல்லை. கோப்புகளைப் பகிர்வதற்கு அது நல்ல பலகைதான், வீடியோ மாற்றுவதற்கு அல்ல.

மென்பொருளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜெல்லிஃபினில் இந்தத் தனிப் பகுதியைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. அதே வேலையைச் செய்யும் பிளெக்ஸ் மென்பொருளில் அதற்குக் கட்டணச் சந்தா வேண்டும். இரண்டிலும் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால், இப்போது ஓடும் படம் அப்படியே போகிறதா, மாற்றப்பட்டுப் போகிறதா, மாற்றப்படுகிறது என்றால் எந்தக் காரணத்தால் என்று காட்டும். புதிதாக எதையும் வாங்குமுன் ஒரு வாரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். என் வீட்டில் காரணம் பெரும்பாலும் படத் துணைத்தலைப்புதான். எழுத்து வடிவத் துணைத்தலைப்புக் கோப்புகளைச் சேர்த்ததும் மாற்றும் வேலை ஏறக்குறைய நின்றே போனது.

இரண்டாவது பெட்டியைக் கைவிட வைத்தது மின்சாரம். சுவரில் செருகும் மின் அளவி ஒன்றை வாங்கிப் பார்த்தபோது, யாரும் எதுவும் பார்க்காத நள்ளிரவிலும் அது 95 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. எப்போதும் ஓடும் கருவிக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளியது: ஒரு வாட் ஓராண்டு முழுக்க ஓடினால் 8.76 யூனிட். 95 வாட் என்றால் ஆண்டுக்கு 832 யூனிட். இன்று ஓடும் பெட்டி சும்மா இருக்கும்போது 28 வாட் இழுக்கிறது, 245 யூனிட். ஆண்டுக்கு 587 யூனிட் வித்தியாசம், ஒவ்வோர் ஆண்டும். உங்கள் ஊர்க் கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள். வாங்கும் விலையை மட்டும் ஒப்பிட்டுப் பழைய விளையாட்டுக் கணினியை சர்வராக்குபவர்கள் இந்தப் பெருக்கலைப் போடுவதில்லை. பவர் சப்ளையும் இதில் ஒரு பங்கு. 650 வாட் பவர் சப்ளையிடம் 25 வாட் மட்டும் கேட்டால் அது தன் திறனின் அடிமட்டத்தில் ஓடுகிறது, கணிசமான பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. சிறிய சர்வருக்குச் சிறிய பவர் சப்ளையே பொருத்தம்.

நடுவில் ஒரு கிளைக்கதை. உள்ளங்கை அளவுள்ள மினி கணினியும், நான்கு டிஸ்க் கொள்ளும் யுஎஸ்பி பெட்டியும் கடன் வாங்கிச் சோதித்தேன். மினி கணினி அருமை. யுஎஸ்பி பெட்டிதான் கழுத்தறுத்தது. பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது திடீரென்று நான்கு டிஸ்க்குகளும் ஒரே நேரத்தில் காணாமல் போகும், சில விநாடிகளில் திரும்பி வரும். டிஸ்க்கின் உடல்நிலைத் தகவலையும் அந்தப் பெட்டியின் உள்ளிருந்த சிப் வெளியே விடவில்லை. எல்லா யுஎஸ்பி பெட்டிகளும் இப்படி அல்ல. ஆனால் எது எப்படி என்று பெட்டியின் மேல் எழுதியிருக்காது. எப்போதும் செருகியே இருக்க வேண்டிய டிஸ்க்குகளுக்கு மதர்போர்டோடு நேரடியாக இணைக்கும் சாட்டா இணைப்பையே இப்போது கேட்கிறேன். வாரம் ஒரு முறை நகலெடுக்கும் டிஸ்க்குக்கு யுஎஸ்பி போதும்.

மூன்றாவது பெட்டி, அலுவலகங்கள் கழித்துவிட்ட பயன்படுத்திய கணினி. நிமிர்ந்து நிற்கும் சிறிய டவர், இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5 பிராசசர், ஆறு கோர், உள்ளமைந்த கிராஃபிக்ஸ், நான்கு சாட்டா இணைப்புகள். இது ஏவி1 வடிவத்தைப் பிரிக்காது. ஆனால் எங்கள் தொலைக்காட்சிக்கு ஏவி1 தெரியும், ஆகவே அந்தக் குறை எங்களைத் தொடவில்லை. உங்கள் திரைக்குத் தெரியாது என்றால் என்100 போன்ற புதிய பிராசசருக்குப் போவது நல்லது. அலுவலகக் கணினிகளில் ஒரு இடைஞ்சல் உண்டு. மதர்போர்டும் பவர் சப்ளையும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும், டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் முனைகள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். நான் பிரிப்பான் கேபிள் போட்டிருக்கிறேன். அதில் கவனம் தேவை. பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்து மூடிய வகை முனைகளில் உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பற்றிய நிகழ்வுகள் உண்டு. கம்பிகள் தனித்தனியே தெரியும்படி அழுத்திப் பொருத்திய முனை உள்ளதையே வாங்குங்கள். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் 20 வாட்டுக்கு மேல் இழுக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு எத்தனை டிஸ்க் என்று முடிவு செய்யுங்கள்.

ரேம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 8 ஜிபி போதும், வேறு சேவைகளும் ஓடும் என்றால் 16. இயங்குதளத்துக்கும் படங்களின் சிறு முகப்புகளுக்கும் சின்ன எஸ்எஸ்டி ஒன்று வைத்தால் பட்டியல் சட்டென்று திறக்கும்.

இனி டிஸ்க். பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால் இங்கேதான்.

முதல் பெட்டிக்கு நான் வாங்கிய 8 டிபி டிஸ்க்குகள் மலிவாகக் கிடைத்தவை. இரண்டையும் ஒன்றுக்கொன்று பிரதியாக வைத்திருந்தேன், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். எட்டு மாதத்தில் ஒன்று பழுதானது. அதே மாதிரி டிஸ்க் ஒன்றை வாங்கிச் செருகி, பிரதி எடுக்கவிட்டேன். விநாடிக்கு 150 எம்பி வேகம் என்று வைத்தாலே 8 டிபி நிரம்ப 15 மணி நேரம் ஆகும். என்னுடையது ஐந்தாம் நாளும் முடியவில்லை. வேகம் சில நேரம் விநாடிக்கு 10 எம்பிக்கும் கீழே இறங்கியது. அந்த ஐந்து நாளும் மீதமிருந்த ஒரே டிஸ்க்கை நம்பி எல்லாமும் இருந்தது.

காரணம், அவை எஸ்எம்ஆர் வகை. கூரைக்கு ஓடு வேய்வது போல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறிப் படிந்திருக்கும். அதனால் இடம் மிச்சம். ஆனால் நடுவில் இருக்கும் ஓடு ஒன்றை மாற்ற வேண்டும் என்றால் அதற்கு மேலுள்ள வரிசைகளையும் எடுத்து மறுபடி அடுக்க வேண்டும். சிறிது சிறிதாக எழுதும்போது இது தெரியாது. நாள் கணக்கில் தொடர்ந்து எழுதும்போது மூச்சு வாங்கிவிடும். சிஎம்ஆர் வகையில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதில்லை. டிஸ்க்கின் மேல் உறையில் இது எழுதப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாடல் எண்ணை முழுதாகக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் விவரத்தாளில் சிஎம்ஆர் என்ற சொல்லைக் கண்ணால் பார்த்த பிறகே வாங்குங்கள். என் பழைய எஸ்எம்ஆர் டிஸ்க்குகளைத் தூக்கிப் போடவில்லை. ஒரு முறை எழுதி அலமாரியில் வைக்கும் காப்பு நகலுக்கு அவை பயன்படுகின்றன.

இதைவிடக் கனமான பாடம் இரண்டாவது பெட்டியில் நடந்தது. கோப்புறைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். மாற்றிய கோப்புகள் ஓரிடம், மூலக் கோப்புகள் ஓரிடம். ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் இருப்பதாக நினைத்து ஒன்றை அழித்தேன். அது இரண்டாவது நகல் அல்ல, ஒரே நகல். இன்னும் எச்.264-க்கு மாற்றாத மூன்று கேசட்டுகள் அதில் இருந்தன. இரண்டு டிஸ்க் பிரதியாக இருந்தும் பயன் இல்லை. அழிக்கச் சொன்ன கட்டளையை இரண்டும் உண்மையாக நிறைவேற்றின. ரெய்டு எனப்படும் இந்தப் பிரதி முறை, டிஸ்க் பழுதானாலும் சர்வர் நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடு. காப்பு நகல் அல்ல. இதைப் பலமுறை படித்திருக்கிறேன். கை நடுங்கியபோதுதான் விளங்கியது.

கேசட்டுகள் பெட்டியில் இருந்தன. மறுபடி கேமராவை எடுத்து ஓட்டினேன். இரண்டு முழுதாக வந்தன. மூன்றாவதில் நடுவே 11 நிமிடங்கள் சதுரம் சதுரமாக உடைந்து, ஒலி அறுந்து வந்தது. முதல் முறை ஏற்றியபோது அது சரியாக ஓடியிருந்தது, பார்த்தது நினைவிருக்கிறது. கேமராவின் தலையைத் துடைத்து, முன்னும் பின்னும் சுற்றி, நான்கு முறை முயன்றேன். அந்த 11 நிமிடங்கள் திரும்பவில்லை.

அதன் பிறகு கோப்புகளை இரண்டு வகையாகப் பிரித்துவிட்டேன். மறுபடி கிடைக்கக்கூடியவை, கிடைக்காதவை. ப்ளூ-ரே படங்கள் முதல் வகை. தட்டு அலமாரியில் இருக்கிறது, டிஸ்க் போனால் இன்னொரு முறை ஏற்றிக்கொள்ளலாம். அவற்றுக்குத் தனியாக ஒரே ஒரு டிஸ்க், பிரதி கிடையாது. அப்பாவின் வீடியோக்களும் குடும்பப் படங்களும் கைப்பேசி வீடியோக்களும் இரண்டாம் வகை. இவை இரண்டு சிஎம்ஆர் டிஸ்க்குகளில் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் பிரதியாக இருக்கின்றன. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்திருக்கிறது. மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் படித்துப் பார்த்து, ஒரு டிஸ்க்கில் ஏதாவது சிதைந்திருந்தால் மற்றதிலிருந்து எடுத்துச் சரிசெய்கிறது. தினமும் ஒரு நிலைப்பதிவு எடுத்து வைக்கிறது. நான் இன்று எதை அழித்தாலும் நேற்றைய நிலைக்குப் போக முடியும். மூன்றாவது நகல் கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டுத் தங்கை வீட்டில் இருக்கிறது. அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் புதிய டிஸ்க்கைக் கொடுத்துப் பழையதை வாங்கி வருகிறேன். மூன்று நகல், இரண்டு வேறுபட்ட ஊடகங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்று இந்தத் துறையில் சொல்வார்கள். ஊடகம் என் வீட்டில் எல்லாமே ஹார்ட் டிஸ்க்தான், மற்ற இரண்டையும் கடைப்பிடிக்கிறேன்.

இப்படிப் பிரித்ததில் செலவும் இறங்கியது. எல்லாவற்றுக்கும் மூன்று நகல் என்றால் தாங்காது. எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும். கைப்பேசியில் 4கே, 30 பிரேம், எச்.265 என்றால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, அதாவது மணிக்கு 10 ஜிபி. விநாடிக்கு 25 மெகாபிட் வீடியோ மணிக்கு 11 ஜிபி, 80 மெகாபிட் என்றால் 36 ஜிபி. உங்கள் கடந்த ஓராண்டுக் கோப்புகளை எடைபோட்டு, ஐந்தால் பெருக்குங்கள். டிஸ்க்கின் மேல் 8 டிபி என்று எழுதியிருந்தால் விண்டோஸ் கணினி 7.28 என்றுதான் காட்டும். அது ஏமாற்று அல்ல, தயாரிப்பாளரும் விண்டோஸும் வேறு வேறு முறையில் எண்ணுகிறார்கள்.

வலைப்பின்னலில் ஒரே ஒரு இடத்தில்தான் தடுக்கி விழுந்தேன், அதுவும் எதிர்பாராத இடம். வைஃபையைவிட வலைப்பின்னல் கேபிள்தான் உறுதி என்று நம்பித் தொலைக்காட்சியை அதில் இணைத்திருந்தேன். 4கே தட்டிலிருந்து எடுத்த படம் சண்டைக் காட்சிகளில் மட்டும் நின்றது. சர்வரில் சுமையே இல்லை. பல தொலைக்காட்சிகளின் கேபிள் இணைப்பு விநாடிக்கு 100 மெகாபிட் மட்டுமே கொள்ளும். 4கே தட்டின் உச்ச அளவு 128 மெகாபிட் வரை போகலாம். கேபிளைப் பிடுங்கிவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்ததும் ஓடியது. சர்வர் பக்கம் மட்டும் கேபிளாகவே இருக்கட்டும். அது கிகாபிட் வேகத்தில் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், ஒரு ஜோடி முறிந்தாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடக்கூடும்.

சர்வரை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் டிஸ்க்கை மர அலமாரியில் வைத்தால் அலமாரி முழுவதும் தம்புரா போல அதிரும். அடியில் தடித்த ரப்பர் வைத்ததும் பாதி அடங்கியது. டிஸ்க்கின் வெப்பம் 40 டிகிரியை ஒட்டி இருக்கும்படி முன்பக்கம் மெதுவாகச் சுற்றும் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று போதும். திடீர் மின்தடைக்குச் சிறிய யுபிஎஸ். அதன் யுஎஸ்பி கம்பியைச் சர்வரில் இணைத்து, பேட்டரி குறைந்தால் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும்படி செய்யுங்கள். அந்தக் கம்பியை இணைக்காவிட்டால் யுபிஎஸ் சில நிமிட அவகாசம் தருமே தவிர, நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் பாதுகாப்பு தராது.

டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்துவைக்கும், ஸ்மார்ட் எனப்படும் உடல்நிலை அட்டவணையில் நான் பார்ப்பவை மூன்றே எண்கள். 5 என்ற வரிசை, பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள். 197, சந்தேகத்தில் நிற்கும் பகுதிகள். இவை பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கினால் புதிய டிஸ்க்குக்கு ஏற்பாடு செய்துவிடுவேன். 199 ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், அது பெரும்பாலும் சாட்டா கேபிளின் குற்றம். நல்ல டிஸ்க் ஒன்றை அதற்காகக் கழற்றித் திருப்பி அனுப்பப் பார்த்தேன். கேபிளை மாற்றியதும் எண் அப்படியே நின்றது.

சென்ற மாதம் பிரதி டிஸ்க்குகளில் ஒன்றில் 197 பூஜ்யத்திலிருந்து எட்டுக்குப் போனது. புதிய டிஸ்க் வந்துவிட்டது, ஆனால் உடனே செருகவில்லை. புதிய டிஸ்க்குகளில் சில முதல் வாரங்களிலேயே படுத்துவிடும், அது என் கோப்புகளோடு நடக்க வேண்டாம். எல்லா இடத்திலும் எழுதி, திரும்பப் படித்து, வேறு எண்ணால் மறுபடி எழுதி, மறுபடி படித்து என்று நான்கு சுற்று. 8 டிபிக்கு நான்கைந்து நாட்கள் ஆகும். இப்போது மூன்றாவது சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று எண்களும் பூஜ்யம். அடுத்த அறையில் அம்மா சைக்கிள் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "நேரே பார்" என்பது இங்கே கேட்கிறது.